ஒரு சிறிய பின் ஏன் பொருந்தவில்லை?



இவ்வாரம் நாம் ஒரு பின்னைத் தேடப் போகிறோம். அதன் தடிப்பு, பென்சிலுக்குள் இருக்கும் கரிக்கோலைவிடக் கொஞ்சம் கூடுதல். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. கீழே விழுந்தால் தேடி எடுப்பது சிரமம். ஆனால், அது தொலைந்துவிட்டால் அதற்குப் பதிலாக இன்னொன்றைக் கண்டுபிடிப்பதற்குள் இயற்பியல், வேதியியல், வரலாறு மூன்றையும் தொட்டுவிட்டு வர வேண்டும்.

இந்தப் பின் இருக்கும் இடம், பழைய அமெரிக்கச் சுழல்துப்பாக்கியின் கைப்பிடி. ரிவால்வர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பழைய ரிவால்வர்களை அமெரிக்காவில் அருங்காட்சியகங்களும் பழம்பொருள் சேகரிப்பாளர்களும் பாதுகாத்து வருகிறார்கள். அவற்றைத் துடைத்துப் பழுது பார்ப்பவர்களை அதிகம் அலைய வைக்கும் பாகங்களில் இந்தச் சின்னஞ்சிறு பின்னும் ஒன்று.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடும் குற்றம். நமக்குத் துப்பாக்கி தேவையில்லை. நமக்கு வேண்டியது அந்தப் பின் சொல்லித் தரும் பாடம். அந்தப் பாடம் உங்கள் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது.

தாத்தாவின் கத்தி

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். தாத்தாவிடம் ஒரு பழைய கத்தி இருந்தது. தோட்டத்தில் வேலை செய்த காலத்திலிருந்தே அவர் கையில் இருந்த கத்தி. நடுவில் இரும்பு, இரண்டு பக்கமும் மரத் தகடு, மூன்றையும் சேர்த்துப் பிடித்தவை இரண்டு பித்தளைப் பின்கள். ஒரு நாள் அவற்றில் ஒன்று கழன்று எங்கோ விழுந்துவிட்டது. மரத் தகடு மீதமிருந்த ஒற்றைப் பின்னைச் சுற்றி இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது.

தாத்தா கடைக்குப் போன நேரத்தில், அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, ஆணி டப்பாவிலிருந்து ஓர் ஆணியை எடுத்தேன். துளையில் வைத்தேன். கொஞ்சம்தான் பெரிது. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன். மூன்றாவது தட்டில் மரம் நீளவாக்கில் பிளந்துவிட்டது.

தாத்தா வந்து பார்த்தார். திட்டவில்லை. பிளந்த தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆணி ஐந்து காசு. இந்த மரம் என் அப்பா செதுக்கியது” என்று மட்டும் சொன்னார்.

நான் அன்று செய்த தவற்றில் எத்தனை அறிவியல் அடங்கியிருந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்கிறேன்.

திருகு இருக்கும்போது பின் எதற்கு?

பழைய ரிவால்வரின் கைப்பிடியை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். நடுவில் எஃகுச் சட்டம். அதன் இரண்டு பக்கமும் இரண்டு தகடுகள். அவை வாதுமை மரமாகவோ கெட்டி ரப்பராகவோ இருக்கும். ஒரே ஒரு திருகு ஒரு தகட்டின் வழியாக நுழைந்து, சட்டத்தைக் கடந்து, அடுத்த தகட்டைப் பிடித்து இழுக்கிறது. திருகை முறுக்கினால் இரண்டு தகடுகளும் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் வேலை முடிந்ததல்லவா?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஓர் அட்டைத் துண்டை அறிவிப்புப் பலகையில் வைத்து, ஒரே ஒரு குண்டூசியால் குத்துங்கள். அட்டை கீழே விழாது. ஆனால், விரலால் தள்ளினால் சுழலும். இப்போது சற்றுத் தள்ளி இரண்டாவது குண்டூசியைக் குத்துங்கள். அட்டை அசையாது.

ஒரு தட்டையான பொருள் ஒரு தளத்தின் மேல் மூன்று விதமாக நகரலாம்: இடம் வலமாக, மேலும் கீழுமாக, சுழன்று. முதல் குண்டூசி முதல் இரண்டையும் தடுத்துவிடுகிறது. மூன்றாவதான சுழற்சியைத் தடுப்பது இரண்டாவது குண்டூசி. ரிவால்வர் கைப்பிடியில் முதல் குண்டூசியின் வேலையைத் திருகு செய்கிறது, இரண்டாவதன் வேலையை நம் பின் செய்கிறது.

திருகை நன்றாக இறுக்கினால் உராய்வே சுழற்சியைத் தடுக்காதா என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. தடுக்கும், ஓரளவுக்கு. ஆனால், கையில் பிடிக்கும்போதெல்லாம் தகட்டின் மேல் விசை மாறி மாறி விழும். மரம் வறண்டு சுருங்கினால் திருகின் இறுக்கம் தளரும். ஆட்டத்தை நிறுத்தத் திருகை மேலும் மேலும் முறுக்கினால் தகடு நடுவில் விரிசல் விடும். அதனால்தான் இறுக்கிப் பிடிப்பதைத் திருகிடமும் இடம் மாறாமல் காப்பதைப் பின்னிடமும் பிரித்துக் கொடுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விசையின் திருப்புதிறனைப் பள்ளியில் ‘மோமென் டாயா’ என்று படித்திருப்பீர்கள். விசையை, சுழல் புள்ளியிலிருந்து உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம்.

திருகிலிருந்து 60 மி.மீ. தூரத்தில் கை 20 நியூட்டன் விசையோடு தகட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. திருப்புதிறன் = 20 × 0.06 = 1.2 நியூட்டன் மீட்டர்.

பின், திருகிலிருந்து 40 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. உராய்வை விட்டுவிட்டால், பின்மேல் விழும் விசை = 1.2 ÷ 0.04 = 30 நியூட்டன்.

இதை ஒரு மெல்லிய பின் தாங்குமா? பின்னின் விட்டம் 2.38 மி.மீ. என்றால், அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 4.45 சதுர மி.மீ. 30ஐ 4.45ஆல் வகுத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 6.7 நியூட்டன் மட்டுமே. சாதாரண எஃகு இதைப்போல் பல மடங்கு தாங்கும். ஆக, பின் வெட்டுப்பட்டுப் போகும் என்ற பயம் தேவையில்லை.

கவலைப்பட வேண்டியது மரத்தைப் பற்றி. பின் மரத்துக்குள் 3 மி.மீ. ஆழம் நுழைந்திருந்தால், அது மரத்தை அழுத்தும் பரப்பு 2.38 × 3 = 7.14 சதுர மி.மீ. அந்தச் சிறிய இடத்தில்தான் முழு விசையும் விழுகிறது. பின் துளையோடு சரியாகப் பொருந்தியிருந்தால் மரம் தாங்கிக்கொள்ளும். தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் பின் துளையின் விளிம்பை இடிக்கும். வட்டத் துளை மெல்ல மெல்ல முட்டை வடிவமாகும். ஆட்டம் கூடும். ஆட்டம் கூடினால் இடியும் கூடும். ஒரு சின்னத் தளர்வு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

அப்படியானால் இந்தப் பின்னுக்கு வலிமையைவிட அளவு முக்கியம். அதுதான் தேடலைக் கடினமாக்குகிறது.

பின் ஏன் ஓரத்தில் இருக்கிறது?

பல பழைய ரிவால்வர்களில் திருகு கைப்பிடியின் நடுப்பகுதியில் இருக்கும். பின் அடிப்பகுதியில், திருகிலிருந்து தள்ளி இருக்கும். இதற்கும் காரணம் உண்டு.

துளை பின்னைவிட 0.2 மி.மீ. பெரிது என்று வைத்துக்கொள்வோம். பின் திருகிலிருந்து 40 மி.மீ. தூரத்தில் இருந்தால், 60 மி.மீ. தூரத்தில் உள்ள தகட்டின் முனை 0.2 × 60 ÷ 40 = 0.3 மி.மீ. ஆடும். அதே பின் திருகிலிருந்து வெறும் 10 மி.மீ. தூரத்தில் இருந்தால், அதே முனை 0.2 × 60 ÷ 10 = 1.2 மி.மீ. ஆடும். பிழை ஒன்றுதான். இடம் மாறியதால் விளைவு நான்கு மடங்கு ஆகிவிட்டது.

வீட்டில் ஒரு பெயர்ப்பலகையைச் சுவரில் மாட்டும்போது இரண்டு ஆணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் அடிக்காமல் இரண்டு ஓரத்திலும் அடிக்கிறோம். அதே அறிவுதான் இங்கும்.

ஒரே தொழிற்சாலை, ஒரே மாதிரி. பிறகு ஏன் பொருந்தவில்லை?

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி என்பது கைவினைப் பொருள். ஒரு கைவினைஞர் ஒரு பாகத்தைச் செய்து, அதற்கேற்ப அடுத்த பாகத்தை அரத்தால் தேய்த்துப் பொருத்துவார். ஒரு துப்பாக்கியின் திருகு இன்னொரு துப்பாக்கியில் நுழையாது.

பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிப் பொறியாளர் வேறு வழி கண்டார். எல்லாப் பாகங்களையும் ஒரே அளவில் செய்தால், எந்தப் பாகத்தையும் எதனோடும் பொருத்தலாமே! 1785இல் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அவருடைய பட்டறைக்குப் போனார். ஐம்பது துப்பாக்கி விசையமைப்புகளின் பாகங்கள் தனித்தனிக் குவியலாக வைக்கப்பட்டிருந்தன. கைக்குக் கிடைத்ததை எடுத்து ஜெஃபர்சன் தாமே பொருத்திப் பார்த்தார். அனைத்தும் பொருந்தின. இதை அவர் வியப்போடு தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். இந்த ஜெஃபர்சன்தான் பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாவது அதிபரானவர்.

1798இல் எலை விட்னி என்பவர் அமெரிக்க அரசுக்கு 10,000 துப்பாக்கிகள் செய்து தர ஒப்பந்தம் செய்தார். இரண்டு ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்ன வேலை 1809 வரை இழுத்தது. மாற்றிப் பொருத்தக்கூடிய பாகங்களின் தந்தை என்று அவரைப் பல பாடநூல்கள் நெடுங்காலம் புகழ்ந்தன. பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய துப்பாக்கிகளைக் கழற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தபோது, பாகங்கள் எல்லாம் அப்படிப் பொருந்தவில்லை. மாணவர்களே, இதையும் கவனியுங்கள். புகழ்பெற்ற கூற்றையும் அளந்து பார்ப்பதுதான் அறிவியல்.

எண்ணத்தைச் செயலாக்க ஒரு தலைமுறை உழைக்க வேண்டியிருந்தது. 1813இல் சிமியன் நார்த் என்பவர் செய்த 20,000 கைத்துப்பாக்கி ஒப்பந்தத்தில், எந்தத் துப்பாக்கியின் பாகமும் மற்றதற்குப் பொருந்த வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி அரசு ஆயுதச் சாலையில் ஜான் ஹால் 1820களில் இயந்திரங்களையும் அளவுகோல் வார்ப்புகளையும் கொண்டு இதை உண்மையிலேயே சாதித்துக் காட்டினார்.

சாமுவெல் கோல்ட் 1836இல் தம் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அதைக் காட்சிக்கு வைத்தார். 1855இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில் பெரிய தொழிற்சாலை கட்டினார். இயந்திரங்கள் வரிசையாக நின்று பாகங்களைக் குவித்தன. ஆனாலும், கடைசிக் கட்டத்தில் தொழிலாளர்கள் அரத்தால் தேய்த்துத்தான் அவற்றைப் பொருத்தினார்கள். ஒரு துப்பாக்கிக்குத் தேய்த்த பாகம் இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக, சட்டம், உருளை, விசைக்காப்பு என்று பல பாகங்களிலும் ஒரே தொடர் எண்ணைப் பொறித்தார்கள்.

கைப்பிடிக்கு இது இன்னும் பொருந்தும். பல பழைய ரிவால்வர்களில் தகட்டைச் சட்டத்தின் விளிம்போடு சேர்த்துத் தேய்த்துச் சமன் செய்திருப்பார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களின் மரத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், உட்புறத்தில் துப்பாக்கியின் தொடர் எண் பென்சிலாலோ முத்திரையாலோ குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அந்தத் தகடு அந்தச் சட்டத்துக்கு மட்டுமே சொந்தம்.

ஆக, ஒரே தொழிற்சாலை, ஒரே மாதிரி என்பதால் மட்டும் பின் பொருந்திவிடும் என்று நம்ப முடியாது. பெயரைப் பார்த்து வாங்கினால் போதாது, அளந்து பார்த்தே வாங்க வேண்டும்.

பொருந்தாததன் விலை

இது பழம்பொருள் சேகரிப்பாளரின் சின்னக் கவலைதானே என்று எண்ண வேண்டாம். 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ பற்றியது. வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. வந்தவர்களில் பலர் தங்கள் குழாய்களை பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்த் தலைகளில் பொருத்த முடியாமல் நின்றார்கள். ஒவ்வொரு நகரத்தின் மரையும் வெவ்வேறு அளவு. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின. அதற்குப் பிறகுதான் தீயணைப்புக் குழாய் இணைப்புகளுக்கு நாடு முழுதும் ஒரே அளவு வேண்டும் என்ற முயற்சி வலுத்தது.

பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841இலேயே திருகு மரைகளுக்குப் பொது அளவை முன்மொழிந்திருந்தார். அவருடைய மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் முன்மொழிந்ததோ 60 பாகை. இரண்டும் நல்ல அளவுகள்தாம். ஆனால், ஒன்று மற்றதோடு ஒழுங்காகச் சேராது. பொது அளவு என்பது எல்லாரும் ஏற்றுக்கொண்டால்தான் பொது அளவு.

அங்குலமும் மில்லிமீட்டரும்

பழைய அமெரிக்கப் பின்கள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. நம் ஊர் இரும்புக் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு. 1959 முதல் ஓர் அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மி.மீ.

துளை 3/32 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 25.4 × 3 ÷ 32 = 2.381 மி.மீ. கடையில் 2.4 மி.மீ. பின் இருக்கிறது. வித்தியாசம் 0.019 மி.மீ. தலைமுடியைவிட மெல்லியது. “இவ்வளவுதானே, தட்டினால் போய்விடும்” என்று தோன்றும். எனக்கும் பதின்மூன்று வயதில் அப்படித்தான் தோன்றியது.

பின்னைக் குளிர வைத்துச் சுருக்கி நுழைக்கலாமா என்று பார்ப்போம். எஃகு ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் தன் அளவில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் 12 பங்கு சுருங்கும். பின்னை 100 பாகை குளிர வைத்தால், 2.4 × 0.000012 × 100 = 0.0029 மி.மீ. மட்டுமே சுருங்கும். 0.019 மி.மீ. சுருங்க வேண்டுமானால் 660 பாகை குளிர வைக்க வேண்டும். அது நடக்காத காரியம். ஏனெனில், சுழியத்துக்குக் கீழே 273 பாகைக்குமேல் குளிர வைக்க இயற்கையே இடம் தராது! ‘கொஞ்சம்தான்’ என்று நம் கண் சொல்வதை உலோகம் கொஞ்சம் என்று ஏற்றுக்கொள்வதில்லை.

இங்கே இரண்டு வகைப் பொருத்தங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பின் துளையைவிட இம்மி பெரிதாக இருந்து, அழுத்தி நுழைத்தபின் அசையாமல் நிற்பது இறுக்கப் பொருத்தம். பின் துளையைவிட இம்மி சிறிதாக இருந்து, கையாலேயே போட்டு எடுக்க முடிவது தளர்வுப் பொருத்தம். ரிவால்வர் கைப்பிடியில் ஒரே பின்னுக்கு இரண்டும் தேவை. எஃகுச் சட்டத்தில் இறுக்கமாக நிற்க வேண்டும். தகட்டில், ஆட்டம் தெரியாத அளவுக்கு மட்டும் தளர்வாக நுழைய வேண்டும். இல்லையென்றால் தகட்டைக் கழற்றும்போது உடைந்துவிடும்.

சரியான பின்னைத் தேடும் முறை

பழம்பொருள் பழுது பார்ப்பவர் எப்படித் தேடுவார்? படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாவது, அடையாளம். செய்தவர் யார், எந்த மாதிரி, தொடர் எண் என்ன என்று குறித்துக்கொள்வார். அதிலிருந்து ஏறக்குறைய எந்தக் காலத்தது என்று தெரியவரும். 1873இல் வெளிவந்த கோல்ட் ரிவால்வரின் தொடக்ககாலக் கைப்பிடி ஒற்றை மரத்துண்டு. அதற்குத் திருகும் இல்லை, பின்னும் இல்லை. 1880களில் கெட்டி ரப்பரில் இரட்டைத் தகடுகள் வந்தபோதுதான் திருகும் பின்னும் தேவைப்பட்டன. காலம் தெரியாமல் தேடினால், இல்லாத பின்னைத் தேடிக்கொண்டிருக்க நேரிடும்.

இரண்டாவது, துளையின் விட்டம். வெர்னியர் அளவியின் உள்தாடைகளை, அதாவது நீங்கள் அறிந்த ‘அங்குப் வெர்னியரை’, சிறிய துளைக்குள் விட்டு அளக்கலாம் என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. தாடையின் முனை தட்டையானது, துளையோ வளைவானது. தாடையின் இரண்டு விளிம்புகளும் வட்டத்தைத் தொடும்போது, நடு விட்டத்தைத் தொட முடியாது. அதனால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். துளை சிறிதாகச் சிறிதாக இந்தப் பிழை பெரிதாகும்.

இதற்குச் சிறந்த வழி ‘போகும், போகாது’ சோதனை. அளவு தெரிந்த டிரில் பிட்களின் வழவழப்பான பின்பகுதியைத் துளையில் மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் உண்மைத் தடிப்பையும் நுண்திருகு அளவியால் அளந்துகொள்ள வேண்டும். 2.35 போகிறது, 2.40 போகவில்லை என்றால், துளை இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. இதே முறையைத்தான் பெரிய தொழிற்சாலைகளும் பின்பற்றுகின்றன. சுவீடன் நாட்டில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், 102 எஃகுக் கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து ஏறக்குறைய 20,000 அளவுகளை உண்டாக்கும் முறையை 1896இல் கண்டார். உலகத் தொழிற்சாலைகள் துல்லியமாக அளக்கக் கற்றுக்கொண்டதில் அவருடைய கட்டைகளுக்குப் பெரும் பங்குண்டு.

மூன்றாவது, நீளம். சட்டத்தின் தடிப்பு, இரண்டு தகடுகளிலும் உள்ள குழிகளின் ஆழம் ஆகிய மூன்றையும் கூட்டி, அதிலிருந்து சிறிதளவு கழிக்க வேண்டும். பின் நீளமாகிவிட்டால் தகடு சட்டத்தில் படியாமல் தூக்கி நிற்கும். அந்த நிலையில் திருகை முறுக்கினால் தகடு நடுவில் வளைந்து விரிசல் விடும்.

நான்காவது, உலோகம். பித்தளை அழகாக இருக்கும், தேய்ப்பதும் எளிது. ஆனால், கையின் வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு நீரில் நனைந்த இரும்பும் பித்தளையும் ஒன்றையொன்று தொட்டால், அது ஒரு சிறிய மின்கலம். அதில் அரிபடுவது இரும்பு. பின்னைக் காப்பாற்றி, பழைய எஃகுச் சட்டத்தைத் துருப்பிடிக்க விடுவது எந்த ஊர் நியாயம்? அதனால் எஃகுச் சட்டத்துக்கு எஃகுப் பின்னே நல்லது.

ஐந்தாவது, வாங்குவதா செய்வதா? அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளின் உதிரிப்பாகங்களை விற்பவர்கள் உண்டு. அங்கே கிடைத்தாலும் அளந்து பார்த்த பிறகே நுழைப்பார்கள். கிடைக்காவிட்டால், சற்றுப் பெரிய எஃகுக் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்து, மெல்ல மெல்லத் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் அளந்து, சரியான தடிப்புக்குக் கொண்டுவருவார்கள். முனைகளைச் சற்றே உருட்டிவிடுவார்கள். கூரான முனை துளையின் விளிம்பைச் செதுக்கிவிடும் என்பதே காரணம்.

கெட்டி ரப்பரும் நம் மண்ணும்

ரப்பர் கைப்பிடி என்றதும் உங்களில் சிலருக்கு வியப்பு வந்திருக்கும். சார்ல்ஸ் குட்இயர் 1844இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கந்தகத்தை இன்னும் அதிகமாகச் சேர்த்தால், ரப்பர் நெகிழும் தன்மையை இழந்து கருமரம்போல் கெட்டியாகிவிடும். சீப்பு, பேனா, துப்பாக்கிக் கைப்பிடி எல்லாம் இதில் வார்த்தார்கள். அக்கால ரப்பர் பெரும்பாலும் அமேசான் காட்டிலிருந்து வந்தது. அந்தக் காட்டு விதையில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. பிறகு மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பரவியதும், நம் முன்னோர் பலர் அங்கே பால்மரம் சீவியதும் நீங்கள் வீட்டில் கேட்ட கதைகள்.

கெட்டி ரப்பரில் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் நெருக்கமாகக் கட்டிப் போட்டிருக்கிறது. அதனால் அது வளையாது, உடையும். வெளிச்சம் பட்டுப் பட்டுக் கறுப்பு நிறம் பழுப்பாகும், இன்னும் நொறுங்கும் தன்மை பெறும். அத்தகைய நூறாண்டுத் தகட்டில் 0.019 மி.மீ. பெரிய பின்னை அடித்து நுழைத்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

மரத்துக்கும் தனிக் குணம் உண்டு. அது ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். இழையின் குறுக்கே இந்த மாற்றம் அதிகம், இழையின் நீளவாக்கில் மிகக் குறைவு. அதனால் வட்டமாகத் துளைத்த துளையும் காலப்போக்கில் முழு வட்டமாக இருப்பதில்லை. ஆப்புபோல் நுழையும் பின் இழைகளைப் பிரித்துத் தள்ளுவதால், மரம் எப்போதும் இழையோடுதான் பிளக்கும். தாத்தாவின் கத்திப் பிடி நீளவாக்கில் பிளந்தது இதனால்தான்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

பின் துளைக்குள் போகவில்லை என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. பின்னைத் தேய்த்துச் சிறிதாக்கலாம். அல்லது துளையைத் துளைத்துப் பெரிதாக்கலாம். இரண்டாவது வழி ஐந்து நிமிட வேலை. முதல் வழிக்கு அரை நாள் ஆகலாம்.

பழம்பொருளைப் பாதுகாப்பவர்கள் முதல் வழியைத்தான் எடுப்பார்கள். பின்னைத் தேய்த்தது தவறாகிப் போனால் இன்னொரு கம்பி வாங்கலாம். துளையைப் பெரிதாக்கியது தவறாகிப் போனால் 1880ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போய் இன்னொரு தகடு வாங்க முடியாது. திரும்பப் பெற முடிந்ததில் கை வை, திரும்பப் பெற முடியாததைத் தொடாதே. புதிய பின் போட்டதையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். பின்னால் வருபவர் அது பழைய பின் என்று ஏமாந்துவிடக் கூடாதல்லவா?

இந்த விதி துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. பாட்டியின் தையல் இயந்திரம், அப்பாவின் பழைய மிதிவண்டி, பள்ளி ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கி என எதில் ஓர் ஆணியோ பின்னோ கழன்றாலும், சுத்தியலை எடுக்கும் முன் அளவியை எடுங்கள். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அளவியைக் கடனாகக் கேட்டால் எந்த அறிவியல் ஆசிரியரும் மகிழ்ச்சியோடு தருவார்.

தாத்தாவின் கத்தி இன்றும் என்னிடம் இருக்கிறது. பிளந்த தகட்டைப் பசையிட்டு ஒட்டியிருக்கிறேன். இரண்டாவது பின்னை, துளையை அளந்து, நானே அரத்தால் தேய்த்துப் போட்டேன். இப்போது அது ஆடுவதில்லை. ஆனால், அந்தப் பிளவின் கோடு மட்டும் மறையவில்லை. அது மறைய வேண்டாம் என்றே விட்டுவிட்டேன்.

சிந்தித்துப் பாருங்கள்

1. பின் திருகிலிருந்து 50 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. துளை பின்னைவிட 0.1 மி.மீ. பெரிது. திருகிலிருந்து 75 மி.மீ. தூரத்தில் உள்ள தகட்டின் முனை எவ்வளவு ஆடும்?

2. ஒரு துளை 1/8 அங்குலம். 3.1 மி.மீ. கம்பி நுழையுமா? 3.2 மி.மீ. கம்பி நுழையுமா?

3. கடலோரத்தில் வசிக்கும் ஒருவர், இரும்புக் கதவில் பித்தளைத் திருகு போட்டார். சில ஆண்டுகளில் திருகு நன்றாக இருந்தது, அதைச் சுற்றியிருந்த இரும்பு அரித்துப் போனது. ஏன்?

விடைகள்: 1. 0.1 × 75 ÷ 50 = 0.15 மி.மீ. 2. 1/8 அங்குலம் 3.175 மி.மீ. ஆகும். எனவே 3.1 நுழையும், 3.2 நுழையாது. 3. கடல் காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து, தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களையும் மின்கலமாக்கின. அதில் எளிதில் வினைபுரியும் இரும்பு அரிபட்டது.

அடுத்த வாரம் சந்திப்போம். அதற்குள் உங்கள் வீட்டில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடியையாவது கண்டுபிடித்து, அது ஏன் ஆடுகிறது என்று ஒரு படம் வரைந்து வையுங்கள்.